தங்கிவிட்ட வலி: உடலும் மனமும் சேர்ந்து சமாளிக்கும் வழிகள்

வலியில் இரண்டு வகை உண்டு. முள் குத்தினாலோ, எலும்பு முறிந்தாலோ, அறுவை சிகிச்சை முடிந்த பின்போ வருவது திடீர் வலி. காயம் ஆற ஆற அதுவும் குறைந்து மறைந்துவிடும். மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிப்பது, அல்லது அவ்வளவு காலமாக விட்டுவிட்டு வந்துகொண்டே இருப்பது நாள்பட்ட வலி. முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி, சர்க்கரை நோயால் பாதத்தில் வரும் எரிச்சல், அக்கி வந்துபோன இடத்தில் தங்கிவிடும் வலி, புற்றுநோய் வலி எல்லாம் இதில் அடங்கும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஏதாவதொரு நாள்பட்ட வலியோடு வாழ்கிறார்.

இரண்டுக்கும் மருத்துவம் ஒன்றல்ல. திடீர் வலிக்குக் காயத்துக்கான சிகிச்சையும் மருந்தும் ஓய்வும் பெரும்பாலும் போதும். நாள்பட்ட வலி அப்படி அடங்குவதில்லை. அது தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்டால் மனம் சோர்கிறது. மனம் சோர்ந்தால் வேலையும் வருமானமும் உறவும் தடுமாறுகின்றன. அந்தக் கவலைகள் திரும்ப வந்து வலியைக் கூட்டுகின்றன. ஆகவே உடல், மனம், சுற்றியிருக்கும் மனிதர்கள் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கவனித்தால்தான் இந்த வலியைச் சமாளிக்க முடியும். கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் வலி மருத்துவம் கண்டடைந்த மிக முக்கியமான உண்மை இதுதான்.

வலி எப்படி உண்டாகிறது?

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டெகார்ட் எழுதி, அவர் இறந்த பிறகு 1664இல் வெளியான நூல் ஒன்றில், வலி என்பது காயம்பட்ட இடத்திலிருந்து மூளைக்கு நேராக ஓடும் செய்தி என்று விளக்கப்பட்டது. காலில் நெருப்புப் பட்டால் அங்கிருந்து போகும் நரம்பு மூளையில் மணியடிக்கிறது என்பது அந்த விளக்கம். காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு என்ற எண்ணம் இதிலிருந்தே வலுப்பெற்றது. இன்றும் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது இந்தக் கணக்குதான்.

இந்தக் கணக்கு போர்க்களத்தில் பொய்த்தது. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் அமெரிக்கப் படையினருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயமடைந்த வீரர்களில் பெரும்பாலோர் வலிக்கு மருந்து வேண்டாம் என்று சொன்னதைக் கவனித்து 1946இல் எழுதினார். அந்த வீரர்களுக்குக் காயம் என்பது உயிர் பிழைத்துவிட்டதற்கும் வீடு திரும்பப் போவதற்கும் அடையாளம். காயத்தின் அளவைப் போலவே அந்தக் காயம் ஒருவருக்கு என்ன பொருள் தருகிறது என்பதும் வலியைத் தீர்மானிக்கிறது என்று பீச்சர் முடிவு செய்தார்.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு உடலியல் விளக்கம் ஒன்றைத் தந்தார்கள். தோல், தசை, மூட்டு ஆகியவற்றிலிருந்து வரும் சேதி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்துதான் மூளைக்குப் போக முடியும் என்றார்கள். வாயில் அகலத் திறந்தால் வலி கூடும், ஒருக்களித்தால் குறையும். அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தேய்த்துவிடுவது இதனால்தான். தொடுஉணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் சேதி தடுக்கப்படுகிறது. மூளையிலிருந்தும் இந்த வாயிலுக்குக் கட்டளைகள் இறங்கி வருகின்றன. பயம், பதற்றம், தனிமை, வலியையே நினைத்துக்கொண்டிருப்பது ஆகியவை வாயிலைத் திறந்து வைக்கின்றன. அமைதி, நம்பிக்கை, ஈடுபாடுள்ள வேலை, அன்பான தொடுதல் ஆகியவை அதைச் சாத்துகின்றன. இந்தக் கோட்பாட்டின் சில நுட்பங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும் அதன் அடிப்படை இன்றுவரை நிற்கிறது.

உடலே வலிநிவாரணியைச் சுரக்கிறது என்பதும் அடுத்த பத்தாண்டுக்குள் தெரியவந்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் மூளையில் மார்ஃபினைப் போலச் செயல்படும் வேதிப்பொருளைக் கண்டறிந்தார்கள். 1978இல் அமெரிக்காவில் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்தே இல்லாத ஊசியைப் போட்டுக்கொண்டு வலி குறைந்ததாகச் சொன்னவர்களுக்கு, மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்து செலுத்தப்பட்டது. அவர்களுக்கு வலி மீண்டும் கூடியது. நம்பிக்கையால் வலி குறைந்தபோது உடலுக்குள் உண்மையான வேதிமாற்றம் நடந்திருக்கிறது என்பதை இது காட்டியது.

ஆறிய பிறகும் ஆறாத வலி

காயம் ஆறிய பின்னும் வலி ஏன் நீடிக்கிறது? வலிச் சேதி திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தால் தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்புசெல்கள் அளவுக்கு மீறிக் கூர்மையடைந்துவிடுகின்றன. கிளிஃபோர்ட் வூல்ஃப் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று தந்தது. இப்படிக் கூர்மையடைந்த நரம்பு மண்டலத்தில் இலேசான தொடுதல்கூட வலியாகிறது. சிறிய வலி பெரிதாகிறது. அடிபடாத பக்கத்து இடங்களுக்கும் பரவுகிறது.

உறுப்பே இல்லாத இடத்தில் வலிப்பது இதற்கு மிகத் தெளிவான சாட்சி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால்களை இழந்தவர்களுக்கு, இல்லாத அந்த உறுப்பில் வலிப்பதை மருத்துவர் சைலஸ் வேர் மிட்செல் 1871இல் விரிவாக விவரித்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிஃபோர்னியாவில் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். ஒரு பெட்டியின் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையை ஒரு பக்கம் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் பிம்பம், இழந்த கை இருந்த இடத்தில் பொருந்தி நிற்கும். நல்ல கையை விரித்து மடக்கும்போது இழந்த கையும் விரிந்து மடங்குவதாகக் கண் காண்கிறது. இறுக மூடிக்கிடந்து நகம் பதிவதுபோல் வலித்த கை, சிலருக்கு அந்தக் கணமே தளர்ந்தது. எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. ஆனால் வலியை உருவாக்குவதில் மூளைக்கு இருக்கும் பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனைகள் குறைவு.

ஸ்கேன் படமும் வலியும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் ஸ்கேன் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புத் தட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. தலைமுடி நரைப்பதைப் போல அதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளம்தான். ‘தட்டு தேய்ந்துவிட்டது’ என்ற ஒரு வரியைப் படித்து வாழ்க்கையே முடிந்ததாகப் பயப்படுவது அந்தத் தேய்மானத்தைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு, உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், நாள்பட்ட வலிக்குத் தனி இடம் தந்தது. வேறொரு நோயின் அறிகுறியாக இல்லாமல் வலியே ஒரு நோயாக இருக்க முடியும் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

மன அழுத்தம் வலியைக் கூட்டுவது எப்படி?

ஆபத்து வந்தால் எதிர்த்துப் போராடவோ தப்பி ஓடவோ உடல் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும், தசைகள் முறுக்கேறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் இதை விளக்கினார். ஆபத்து நீங்காமல் தொடர்ந்தால் உடல் எப்படித் தளர்கிறது என்பதை 1936இல் மான்ட்ரியாலில் ஹான்ஸ் செலி எடுத்துக்காட்டினார். புலி துரத்தினால் இந்த ஏற்பாடு சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடன், வேலைப் பயம், குடும்பச் சண்டை, தீராத நோய் ஆகியவை மாதக்கணக்கில் துரத்துபவை. அதனால் தசைகள் முறுக்கியபடியே இருக்கின்றன. தூக்கம் ஆழமாக வருவதில்லை. நரம்பு மண்டலம் விழிப்பிலேயே கிடக்கிறது. ஏற்கெனவே வலிக்கும் முதுகும் கழுத்தும் மேலும் வலிக்கின்றன.

மனக்காயமும் உடல் வலியும் மூளையில் ஓரளவு பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. 2003இல் நடந்த ஓர் ஆய்வில், கணினியில் பந்து எறியும் விளையாட்டில் ஒருவரை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தார்கள். அப்போது உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று அவருக்குச் செயல்பட்டது. துக்கம், பிரிவு, அவமானம் ஆகியவற்றால் நெஞ்சு கனப்பதும் உடம்பெல்லாம் வலிப்பதும் நடிப்பல்ல.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் பலர் போய்விடுகிறார்கள். வலியில் மனத்துக்குப் பங்கு உண்டு என்றால் அந்த வலி கற்பனை என்று பொருளல்ல. பரிசோதனையில் ஒன்றும் தெரியாதவரிடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்’ என்று சொல்வது அறிவியலுக்கும் ஒவ்வாது, மனிதத்தன்மைக்கும் ஒவ்வாது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய விளக்கக் குறிப்பும், ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே கூறுகிறது.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், இறுதிக்கட்ட நோயாளிகளின் வேதனையை நான்காகப் பிரித்துப் பார்த்தார்: உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பம், பணம் போன்ற சமூகக் கவலைகள், ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற ஆன்மத் தவிப்பு. நான்கும் சேர்ந்ததே முழு வலி என்றார். நர்ஸ், மருத்துவமனைச் சமூகப் பணியாளர், மருத்துவர் என மூன்று வேலைகளையும் செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. புற்றுநோய்க்கு மட்டுமல்லாமல் எந்த நீண்டகால வலிக்கும் இந்தப் பார்வை பொருந்தும்.

அளவோடு இயங்குவது

வலித்தால் படுத்துக்கொள்வது இயல்பு. நாள்பட்ட வலியில் அந்தப் பழக்கமே எதிரியாகிறது. அசையாத தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, சிறு வேலையும் பெரும் வலியைத் தருகிறது. ‘குனிந்தால் ஏதோ ஆகிவிடும்’ என்ற பயமும் வளர்கிறது. சாதாரண முதுகுவலிக்கு நாள்கணக்கில் படுத்திருப்பதைவிட முடிந்தவரை நடமாடுவதே நல்லது என்று இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பது. இந்த ஏற்ற இறக்கத்தை உடைக்கும் முறைக்கு வேலையைப் பிரித்துச் செய்வது என்று பெயர் சொல்லலாம். முதுகுவலி உள்ள தையல்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் வலி கூடத் தொடங்குகிறது என்று அவர் மூன்று நாள் குறித்துவைக்கிறார்: 20, 25, 15 நிமிடம். சராசரி 20 நிமிடம். அதிலும் சற்றுக் குறைத்து 15 நிமிடத்தைத் தொடக்க அளவாக வைத்துக்கொள்கிறார். 15 நிமிடம் தைத்ததும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் எழுந்து, துணியை அடுக்கவோ இரண்டு நிமிடம் நடக்கவோ செய்கிறார். பிறகு மறுபடி உட்காருகிறார். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் மட்டும் கூட்டுகிறார். நல்ல நாளிலும் அந்த அளவைத் தாண்டுவதில்லை. மோசமான நாளில் குறைத்துக்கொண்டாலும் அடியோடு விடுவதில்லை. வலி வந்த பிறகு நிறுத்துவதற்குப் பதிலாகக் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவதுதான் இதன் சூட்சுமம். துணி துவைப்பது, பாத்திரம் துலக்குவது, களை எடுப்பது, கணினியில் உட்காருவது என எல்லா வேலைக்கும் இதே கணக்கு பொருந்தும்.

இதோடு நாள்தோறும் நடப்பது, இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிகள், யோகாசனம் ஆகியவற்றில் தனக்கு ஒத்துவருவதைத் தேர்ந்துகொள்ளலாம். எந்தப் பயிற்சி என்பதைவிட விடாமல் செய்வதுதான் முக்கியம்.

மூச்சும் தசையும்

மனத்தை நேரடியாக அமைதிப்படுத்துவது கடினம். மூச்சின் வழியாக அதை எட்டுவது எளிது. வெளிமூச்சை நீட்டினால் இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்புகள் வேலை செய்கின்றன. மூக்கின் வழியாக நான்கு எண்ணும்வரை மெல்ல இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். மார்பைவிட வயிறு எழுந்து தாழ வேண்டும். காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் வழக்கமான மூச்சுக்குத் திரும்பிவிடலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாகச் செய்து பார்த்தால் பலன் தெரியாது. வலி குறைவாக உள்ள நேரத்தில் பழகிவைத்தால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும்.

தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். படுத்துக்கொண்டு முதலில் பாதங்களை ஐந்து விநாடி இறுக்கி, பின் முழுதாகத் தளர்த்த வேண்டும். தளர்ந்த நிலையைப் பதினைந்து விநாடி கவனிக்க வேண்டும். அப்படியே கெண்டைக்கால், தொடை, வயிறு, கைகள், தோள், முகம் என மேலேறிவர வேண்டும். வலிக்கும் இடத்தை மட்டும் இறுக்காமல் விட்டுவிடலாம்.

கவனமும் எண்ணமும்

1979இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மருத்துவத்தில் செய்யக்கூடியதெல்லாம் செய்தும் வலி தீராதவர்கள் அதில் சேர்ந்தார்கள். பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்த பயிற்சிதான் அது. வலியை விரட்ட முயலாமல், அது எங்கே இருக்கிறது, எப்படி மாறுகிறது என்று பதற்றமில்லாமல் கவனிக்கப் பழகினார்கள். வலி ஒன்று, அதைச் சுற்றி மனம் கட்டும் பயம் இன்னொன்று. இரண்டும் பிரிந்து தெரியத் தொடங்கும்போது முதலாவது அப்படியே இருந்தாலும் வேதனை குறைகிறது. இந்தப் பயிற்சியால் கிடைக்கும் பலன் மிதமானது என்றாலும் உண்மையானது என்று பின்னர் நடந்த பல ஆய்வுகள் காட்டின.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற முறை எண்ணங்களைக் கையாளக் கற்றுத்தருகிறது. ‘இது என்னை விடவே விடாது’, ‘இனி நான் எதற்கும் உதவமாட்டேன்’ போன்ற எண்ணங்கள் வலி கூடும்போது தாமாக வரும். அந்த எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்கு ஆதரவான சான்று எது, எதிரான சான்று எது என்று பார்க்க வேண்டும். ‘போன மாதமும் இப்படித்தான் கூடியது, நான்கு நாளில் குறைந்தது’ என்பது ஒரு சான்று. வலியே இல்லை என்று நடிப்பது இதன் நோக்கமல்ல. உள்ளதை உள்ளபடி பார்ப்பதுதான் நோக்கம்.

சொல்லாமல் அடக்கிவைத்த துயரத்தை எழுதிப் பார்ப்பதும் உதவும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை உலுக்கிய நிகழ்ச்சியைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடம் என நான்கு நாள் எழுதிய மாணவர்கள், அதற்குப் பிந்தைய மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதும்போது தொடக்கத்தில் மனம் கனக்கும். தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிட்டு நம்பகமான ஒருவரிடம் பேசுவது நல்லது.

தூக்கத்துக்கும் வலிக்கும் இருவழித் தொடர்பு உண்டு. சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள் வலி கூடும். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, பகல் தூக்கத்தை அரை மணிக்குள் வைப்பது, மாலைக்குப் பின் காப்பி, டீயைத் தவிர்ப்பது, படுக்கையில் கைபேசியைத் தள்ளிவைப்பது ஆகியவை சிறு மாற்றங்கள். மற்ற எல்லா முயற்சிக்கும் இவை துணை நிற்கும்.

மருந்தின் இடம்

மருத்துவரிடம் வலியை விவரிக்கும்போது ‘ரொம்ப வலிக்குது’ என்பதோடு நிறுத்தாமல், எப்படி வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். குத்துகிறதா, குடைகிறதா, கடுக்கிறதா, இழுக்கிறதா, எரிகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா? எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற வெட்டல், மதமதப்பு ஆகியவை நரம்பு வலியைச் சுட்டும். அதற்கு வழக்கமான வலிமாத்திரைகள் அவ்வளவாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், கபாபென்டின் போன்றவை நரம்பு வலிக்குத் தரப்படுகின்றன. இவற்றில் சில, மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகள். அதைக் கூகுளில் பார்த்துவிட்டு ‘டாக்டர் என்னை மனநோயாளி என்கிறாரா’ என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தண்டுவடத்தில் வலிச் சேதியைத் தணிக்கும் குணம் இம்மருந்துகளுக்கு இருப்பதால்தான் இவை தரப்படுகின்றன.

மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் வலிமாத்திரைகளில் எச்சரிக்கை தேவை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவற்றை மாதக்கணக்கில் சாப்பிட்டால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் பழுதாகலாம், இரத்த அழுத்தம் ஏறலாம். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாராசிட்டமாலும் ஒரு நாளைக்கு நான்கு கிராமைத் தாண்டினால் கல்லீரலைக் கெடுக்கும். உடல் மெலிந்தவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் அந்த வரம்பு இன்னும் குறைவு.

புற்றுநோய் வலியின் கதை வேறு. சாதாரண மாத்திரையில் தொடங்கி, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக மார்ஃபின்வரை போகலாம் என்று 1986இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. இந்தியா, மார்ஃபினின் மூலப்பொருளான அபினைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாடு. ஆனாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் இங்குள்ள நோயாளிகளுக்கே மார்ஃபின் எட்டாமல் போனது. 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது. தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பில் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிக்கு இவ்வகை மருந்துகள் முதல் தேர்வல்ல. அமெரிக்காவில் இவற்றைத் தாராளமாக எழுதிக்கொடுத்ததால் நேர்ந்த அடிமைத்தனமும் மரணங்களும் அதற்குச் சான்று.

சுற்றியிருப்பவர்களின் பங்கு

வலி கண்ணுக்குத் தெரியாது. அதனால் வீட்டில் இருவகைத் தவறு நேர்கிறது. ‘உனக்கு எப்பப் பார்த்தாலும் ஏதாவது ஒரு வலி’ என்று சலித்துக்கொள்வது ஒன்று. எந்த வேலையும் செய்யவிடாமல் பொத்திப் பொத்தி வைப்பது மற்றொன்று. முதலாவது மனத்தை ஒடிக்கிறது. இரண்டாவது உடலை முடக்குகிறது. ‘இன்னிக்கு எதுல ஒத்தாசை வேணும்?’ என்று கேட்டு, அதில் மட்டும் கைகொடுத்து, மற்றதை அவரையே செய்யவிடுவது சரியான வழி. வலியில் இருப்பவரும் தனக்கு என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுவேலை முழுவதையும் தன் கடமையாக எண்ணும் பெண்கள் வலியை வெளியே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திராமல் வேலையைப் பகிர்ந்துகொள்வது குடும்பத்தின் பொறுப்பு.

ஊரே சேர்ந்து வலியைத் தாங்க முடியும் என்பதைக் கேரளம் காட்டியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலானோர் வலி, தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களின் இயக்கமாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள் படுத்தபடுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் பேசுகிறார்கள், புண்ணைக் கவனிக்கிறார்கள், வீட்டுக்கு அரிசி வாங்கித் தருவதிலிருந்து பிள்ளைகளின் படிப்புவரை விசாரிக்கிறார்கள். சாண்டர்ஸ் சொன்ன நான்கு வலிகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கிடைக்கிறது. 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரப்படும் சேவைகளில் இயன்முறை மருத்துவமும் தணிப்புச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளன.

உடனே உதவி தேட வேண்டிய நேரம்

சில வலிகளைச் சமாளிக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது. இதுவரை வந்திராத கடுமையான தலைவலி. முதுகுவலியோடு காலில் பலவீனம், மறைவிடத்தில் மரத்துப்போவது, சிறுநீர், மலத்தை அடக்கவோ கழிக்கவோ முடியாமை ஆகியவை அவசர நிலைகள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, கீழே விழுந்த பின் தொடரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

மனத்தின் அவசரநிலையும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றம் ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது, சிகிச்சையால் குணமாகிறது. ‘இப்படி வாழ்வதைவிடப் போய்விடலாம்’ என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்கக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

எதை வெற்றி என்று கொள்வது?

வலி மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர் ஜான் பொனிகா. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், தொழில்முறை மல்யுத்தம் செய்து சம்பாதித்த பணத்தில் மருத்துவம் படித்தார். மல்யுத்தக் காயங்களால் வாழ்நாள் முழுவதும் வலியோடு இருந்தார். போரில் காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சையளித்தபோது, ஒரே மருத்துவரால் நாள்பட்ட வலியைத் தீர்க்க முடியாது என்று உணர்ந்தார். மயக்கவியல், எலும்பு, நரம்பு மருத்துவர்கள், உளவியலாளர், இயன்முறை மருத்துவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நோயாளியைப் பார்க்கும் மையத்தை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். உலகெங்கும் உள்ள வலி சிகிச்சை மையங்களுக்கு அதுவே முன்மாதிரி.

அத்தகைய மையங்கள் வலியை முழுதாக ஒழிப்பதை இலக்காக வைப்பதில்லை. அரை மணி நேரம் நடக்க முடிகிறதா, பேத்தியைத் தூக்க முடிகிறதா, வேலைக்குத் திரும்ப முடிகிறதா, இரவில் ஐந்து மணி நேரமாவது தூங்க முடிகிறதா என்றே கேட்கின்றன. வலி பத்தில் எட்டாக இருந்து ஐந்தானாலே வாழ்க்கை பெரிதும் மாறிவிடும். பலருக்கு முதலில் வாழ்க்கை திரும்புகிறது. வலி அதற்குப் பின்னால் மெல்லக் குறைகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கத் தேவையில்லை. இந்த வாரம் மூச்சுப் பயிற்சி, அடுத்த வாரம் வேலையைப் பிரித்துச் செய்வது என ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை முன்னேற்றத்தைக் குறித்துவைத்து, அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சையைத் திருத்திக்கொள்வதே நீடித்த பலன் தரும் முறை.